திரும்பி வரும் அமிலம்

1819ஆம் ஆண்டு. பிரான்ஸில் நான்சி நகரத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்தவர் ஆன்றி பிராகோனோ. கிழிந்த லினன் துணிகளை அடர் கந்தக அமிலத்தில் ஊறவிட்டார். அவை பசையாகக் குழைந்ததும் தண்ணீர் விட்டு நெடுநேரம் கொதிக்கவைத்தார். அமிலத்தை முறித்து வடிகட்டியதில் கிடைத்தது சர்க்கரை. நிறுத்துப் பார்த்தால், போட்ட கந்தலைவிட வந்த சர்க்கரை எடை கூடுதலாக இருந்தது.

தராசில் கோளாறு இல்லை. பருத்தி, லினன், வைக்கோல், கரும்புச் சக்கை எல்லாவற்றிலும் உள்ள செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. அதன் ஒவ்வொரு பிணைப்பும் உடையும்போது ஒரு நீர் மூலக்கூறு அந்த இடத்தில் வந்து சேர்கிறது. 162 கிராம் செல்லுலோஸோடு 18 கிராம் தண்ணீர் சேர்ந்து 180 கிராம் குளுக்கோஸ் ஆகிறது. ஒரு கிலோ செல்லுலோஸை முழுவதும் உடைக்க முடிந்தால் 1.11 கிலோ சர்க்கரை.

அந்தச் சோதனை நடந்து இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும் அக்டோபர், நவம்பர் வந்தால் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அறுவடை முடிந்த வயல்களில் நெல் தாளுக்குத் தீ வைக்கிறார்கள். சர்க்கரையாகக்கூடிய பொருள் புகையாகிறது. பிராகோனோவின் வேதியியல் சரியாகத்தான் இருந்தது. அவர் அமிலம் போன இடம்தான் சிக்கல். போட்ட அமிலம் வேலையை முடித்துவிட்டுச் சர்க்கரைக் கரைசலோடு கலந்தே நின்றது. அதைப் பிரித்து மறுபடி எடுக்கச் செலவு ஆகும். பிரிக்காமல் முறித்துவிட்டால் அமிலமே வீண். வைக்கோலைச் சர்க்கரையாக்கும் முயற்சிகளின் வரலாறு முழுவதையும், வெட்டும் பொருளை எப்படித் திரும்பப் பெறுவது என்ற ஒரே கேள்வியின் வரலாறாகப் படிக்கலாம்.

பிடிவாதமான பிணைப்பு

சோற்றில் இருக்கும் ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான். அதை நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி வாயிலேயே உடைக்கத் தொடங்கிவிடுகிறது. செல்லுலோஸில் குளுக்கோஸ்களைக் கோத்திருக்கும் கோணம் வேறு. ஸ்டார்ச் சங்கிலி சுருண்டு தளர்வாகக் கிடக்கும். செல்லுலோஸ் சங்கிலி நேராக நீண்டிருக்கும். நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்காக அமைந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு படிகமாக இறுகுகின்றன. தண்ணீருக்குக்கூட உள்ளே நுழைய இடம் இருக்காது. நமக்கு இது செரிக்காது. மாட்டுக்கும் சொந்தமாகச் செரிக்கத் தெரியாது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன.

வினையூக்கி எதுவும் இல்லாமல், சாதாரண வெப்பநிலையில், நடுநிலையான தண்ணீரில் இந்தப் பிணைப்பை விட்டுவைத்தால் பாதி உடைவதற்குச் சுமார் 50 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று வேதியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். மரம் நிமிர்ந்து நிற்பதும் பருத்தித் துணி துவைக்கத் துவைக்கத் தாங்குவதும் இதனால்தான்.

செல்லுலோஸைத் தனிப் பொருளாகப் பிரித்து அடையாளம் கண்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பேயன், ஆண்டு 1838. ஆனால் வைக்கோலில் செல்லுலோஸ் தனியாக இருப்பதில்லை. கரும்புச் சக்கையை உலர்த்திப் பார்த்தால் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு செல்லுலோஸ். கால் பங்குக்குச் சற்று முன்பின்னாக ஹெமிசெல்லுலோஸ். இது குட்டையான, கிளைவிட்ட சங்கிலி. சைலோஸ், அரபினோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரைகள்தாம் இதில் முதன்மை. மீதியில் பெரும்பகுதி லிக்னின். அது சர்க்கரையே இல்லை. பென்சீன் வளையங்கள் தாறுமாறாகப் பின்னிய பிசின். செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் படர்ந்திருக்க, இரண்டையும் லிக்னின் பூசி மூடியிருக்கிறது. நெல் வைக்கோலில் இவற்றோடு சிலிக்காவும் நிறைய உண்டு.

அமிலம் வைத்துப்போன சுமை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் இரண்டு வழிகளில் முயன்றார்கள். ஹைன்ரிஷ் ஷோலர் நீர்த்த கந்தக அமிலத்தை உயர் வெப்பத்தில் மரத்தூளின் ஊடே பாய்ச்சினார். பிரீட்ரிஷ் பெர்கியுஸ் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையிலேயே பயன்படுத்தினார். உயர் அழுத்த வேதியியலுக்காக 1931இல் கார்ல் போஷோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். மரச் சர்க்கரைக்கு ஜெர்மனியில் ஆலைகள் எழுந்தன. சோவியத் ஒன்றியம் இதைப் பெருந்தொழிலாகவே நடத்தியது. மரத்தூளிலிருந்து சாராயமும் கால்நடைத் தீவன ஈஸ்ட்டும் வந்தன. போரும் தட்டுப்பாடும் இருந்தவரை கணக்கு ஒத்துவந்தது. மலிவான பெட்ரோலியமும் தாராளமான தானியமும் கிடைத்த நாடுகளில் இந்த ஆலைகளால் நிற்க முடியவில்லை.

காரணத்தை எளிய கூட்டலில் பார்க்கலாம். ஒரு கிலோ கந்தக அமிலத்தைச் சுண்ணாம்பால் முறித்தால் ஏறக்குறைய 1.75 கிலோ ஜிப்சம் சேறாகப் படியும். அமிலத்துக்கு ஒரு செலவு, சுண்ணாம்புக்கு ஒரு செலவு, சேற்றை அப்புறப்படுத்த இன்னொரு செலவு. அமிலம் தொடும் குழாய், கொதிகலன் எல்லாம் அரிக்கப்படாத உலோகத்தில் வேண்டும். போதாததற்கு, அமிலத்துக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. சங்கிலியை உடைத்துக் குளுக்கோஸைத் தந்த அதே அமிலம், குளுக்கோஸிலிருந்து நீரைப் பிடுங்கி அதைச் சிதைக்கவும் செய்கிறது. சிதைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஹ்யூமின் என்ற கரும்பிசினாக மாறுகின்றன.

கூடாரத்தை அரித்த பூஞ்சை

இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடுப்புகளும் சீக்கிரமே மக்கிப் போயின. எது அரிக்கிறது என்று தேடியபோது அகப்பட்ட பூஞ்சைகளில் ஒன்று, செல்லுலோஸை உடைக்கும் நொதிகளைப் பெருமளவில் சுரந்தது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் பெயரால் பின்னாளில் அது டிரைக்கோடெர்மா ரீசெய் ஆனது. படைக்கு எதிரியாக அறிமுகமான அந்தப் பூஞ்சையின் வழித்தோன்றல்கள்தாம் இன்று உலகின் நொதித் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றன.

நொதி அமிலத்தைப்போல அவசரப்படாது. ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும், சர்க்கரையைச் சிதைக்காது. ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் நிறுவி 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலை நொதி வழியைச் சேர்ந்தது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம்.

ஆனால் நொதிக்கு முன்னால் வைக்கோலைப் பக்குவப்படுத்தியாக வேண்டும். லிக்னின் போர்வை விலகாமல் நொதியால் உள்ளே போக முடியாது. வேலை முடியவும் நாள்கணக்கில் ஆகும். முடிந்த பிறகு நொதியின் ஒரு பங்கு லிக்னினில் ஒட்டிக்கொள்கிறது. மீதி கரைசலில் கலந்து நிற்கிறது. அடுத்த வைக்கோலுக்குப் பெரும்பாலும் புது நொதிதான் வாங்க வேண்டியிருக்கும்.

கரையாத அமிலம்

இங்கேதான் மூன்றாவது வழி பிறக்கிறது. அமிலத்தை நீரில் கரையவிடாமல் ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் நிலையாகப் பிணைத்துவிட்டால்? வேலை முடிந்ததும் வடிகட்டினால் போதும். சர்க்கரைக் கரைசல் ஒரு பக்கம், அமிலத் தூள் மறு பக்கம். முறிக்கச் சுண்ணாம்பு வேண்டாம், ஜிப்சம் இல்லை.

டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மிச்சிகாசு ஹாரா குழு 2005இல் இதற்கு ஒரு மலிவான பொருளைக் காட்டியது. சர்க்கரையை அரைகுறையாகக் கருக்கி, அந்தக் கரியில் கந்தக அமிலத்தின் செயல்படும் கூறான சல்ஃபோனிக் தொகுதியைப் பிணைத்தார்கள். முதல் பயன்பாடு பயோடீசல் தயாரிப்பில். 2008இல் அதே வகைக் கரியைச் செல்லுலோஸின் மேல் ஏவினார்கள். 100 டிகிரியில் செல்லுலோஸ் சங்கிலிகள் உடைந்து, பெரும்பாலும் நீரில் கரையும் குட்டைச் சங்கிலிகளாகவும் கொஞ்சம் குளுக்கோஸாகவும் மாறின. கரியின் மேற்பரப்பில் இருக்கும் மற்ற ஆக்சிஜன் தொகுதிகள் செல்லுலோஸ் சங்கிலியைப் பிடித்துவைக்க, சல்ஃபோனிக் தொகுதி பக்கத்திலிருந்து உடைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

சியோலைட் என்ற அலுமினோசிலிக்கேட் கனிமங்கள் இன்னொரு வகை. பெட்ரோலிய ஆலைகளில் எண்ணெயை உடைக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுபவை. அவற்றின் அமில மையங்கள் பெரும்பாலும் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான துளைகளுக்குள் இருக்கின்றன. பெட்ரோலிய மூலக்கூறு ஆவியாகி அந்தத் துளைக்குள் போய்விடும். செல்லுலோஸ் இழை போகாது. பொதுவாகவே கரையாத வைக்கோல் துகளும் கரையாத வினையூக்கித் துகளும் நீரில் மிதந்தபடி எங்கோ ஓரிடத்தில்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. கரைந்த அமிலம் எல்லா இடுக்கிலும் ஊறிப் போகும். கரையாத அமிலத்துக்கு அந்த வசதி கிடையாது. திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த விலை இது.

சந்திப்புக்கு இரண்டு ஏற்பாடுகள்

ஒன்று, வெந்நீரைத் தரகராக வைப்பது. அழுத்தத்தில் 170 டிகிரி வரை சூடேறிய நீர், ஹெமிசெல்லுலோஸைத் தானாகவே ஓரளவு கரைத்துவிடும். அதிலிருந்து கழன்று வரும் அசெட்டிக் அமிலமும் துணைக்கு நிற்கும். இப்படிக் கரைந்து வரும் குட்டைச் சங்கிலிகளால் சியோலைட்டின் துளைகளை எட்ட முடியும்; அங்கே அவை சைலோஸாகவும் அரபினோஸாகவும் உடையும். புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பரேஷ் தேபே குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கரும்புச் சக்கை, உமி, கோதுமை வைக்கோல் ஆகியவற்றில் நேரடியாகச் செய்து காட்டியது. ஹெமிசெல்லுலோஸை முன்கூட்டிப் பிரித்தெடுக்காமலே அதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வினைபுரிந்தது. செல்லுலோஸும் லிக்னினும் பெரும்பாலும் அப்படியே நின்றன. வினை நீடித்தால் சைலோஸ் ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளாக மாறும். அதுவும் விலைபோகும் சரக்குதான். அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1920களிலேயே ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃபுரால் எடுத்து விற்றது, கந்தக அமிலம் போட்டு.

இரண்டாவது ஏற்பாடு, இரண்டு திடப்பொருள்களையும் ஒன்றாகப் போட்டு அரைப்பது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அட்சுஷி ஃபுகுவோகா, ஹிரோகாசு கோபயாஷி குழுவினர் செல்லுலோஸையும் செயலூட்டிய கரியையும் ஒரே உருளையில் கடினமான குண்டுகளோடு சுழலவிட்டார்கள். அரைபட அரைபடப் படிகம் கலைந்தது. செல்லுலோஸ் சங்கிலிகள் கரியின் மேற்பரப்பில் அப்பிக்கொண்டன. பிறகு மிகச் சிறிதளவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்த வெந்நீரில் இட்டபோது செல்லுலோஸின் பெரும்பகுதி குளுக்கோஸானது. இந்தக் கரியில் சல்ஃபோனிக் தொகுதி இல்லை. வினிகரின் வலிமைக்கு ஒப்பான மென்மையான கார்பாக்சிலிக் தொகுதிகள்தாம். வலுவான அமிலம் தேவைப்பட்ட வேலையை, நெருக்கமாகத் தொட்டுநிற்கும் மென்மையான அமிலம் செய்தது. அரைப்பதற்கு மின்சாரம் அதிகம் தேவை என்பது இந்த வழியின் பாரம்.

மறுபடியும் என்பதை எப்படி நம்புவது?

ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி ஒரு பட்டை வரைபடம் வரும். வினையூக்கியை ஐந்து முறை பயன்படுத்தியிருப்பார்கள். ஐந்து பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரம். பார்த்தவுடன் நம்பத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

வினை ஒரு மணி நேரத்தில் முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர் மூன்று மணி நேரம் ஓட்டுகிறார். வினையூக்கி தன் திறனில் பாதியை இழந்தாலும் இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். பட்டையின் உயரம் குறையாது. இழப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், வினை பாதி நடக்கும்போதே நிறுத்தி அளக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம், வேலை செய்தது திடப்பொருள்தானா என்பது. வெந்நீரில் சல்ஃபோனிக் தொகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று கரைந்துவிடலாம். அப்போது நடப்பது பழைய கந்தக அமில வினையேதான், வேஷம் மட்டும் வேறு. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: வினை நடுவே சூடாக இருக்கும்போதே வினையூக்கியை வடிகட்டி எடுத்துவிட்டு, மீதிக் கரைசலைத் தொடர்ந்து சூடாக்குவது. வினை அங்கேயே நின்றால் திடப்பொருள் உண்மையானது. தொடர்ந்து நடந்தால் அமிலம் கரைந்திருக்கிறது.

வைக்கோலுக்கே உரிய எதிரி பொட்டாசியம். தூய செல்லுலோஸில் அழகாக வேலை செய்த வினையூக்கி வைக்கோலில் தடுமாறுவதற்கு இது முக்கியமான காரணம். பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய பொட்டாசியம் தாளில் தங்கியிருக்கிறது. வெந்நீரில் அது கரைந்து வந்து, அமில மையத்திலிருக்கும் ஹைட்ரஜன் அயனியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தள்ளப்பட்ட ஹைட்ரஜன் அயனி நீருக்குப் போய் அமிலமாக வேலை செய்யும். அதனால் முதல் முறை எல்லாம் நன்றாகவே நடந்ததுபோலத் தோன்றும். சக்தி போயிருப்பது அடுத்தடுத்த முறைகளில்தான் தெரியும். நீர்த்த அமிலத்தால் கழுவினால் மையங்கள் உயிர்பெறும். ஆனால் எந்த அமிலத்தைத் தவிர்க்க வந்தோமோ அதுவே பின்வாசல் வழியாக நுழைகிறது. வைக்கோலை முதலிலேயே தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது மேல்.

ஹ்யூமின் பிசின் துளைகளை அடைப்பது இன்னொரு தொல்லை. சியோலைட்டானால் உலையிலிட்டு அந்தப் பிசினை எரித்துச் சுத்தம் செய்யலாம். கரியாலான வினையூக்கியை அப்படி எரித்தால் வினையூக்கியும் சேர்ந்து போகும். சியோலைட்டுக்கு வேறொரு பலவீனம்: நீண்ட நேரம் கொதிநீரில் கிடந்தால் அதன் படிகச் சட்டகமே மெல்லக் கரைந்து தளரும்.

எச்சமே வினையூக்கி

இவை எல்லாவற்றையும் தாண்டினாலும் ஒரு சிக்கல் பாக்கி. தூய செல்லுலோஸ் முழுவதும் கரைந்துவிடும். வடிகட்டியில் தங்குவது வினையூக்கி மட்டும். வைக்கோலில் அப்படியில்லை. லிக்னின் கரையாமல் நிற்கும், ஹ்யூமின் சேரும், சிலிக்காவும் இருக்கும். இந்தக் கரும் மண்டியிலிருந்து கரி வினையூக்கியைத் தனியே எடுப்பது அரிசியில் கல் பொறுக்குவதைவிடக் கடினம்; இங்கே அரிசியும் கறுப்பு, கல்லும் கறுப்பு. சிலர் வினையூக்கித் துகளுக்குள் இரும்பு ஆக்சைடை வைத்துக் காந்தத்தால் இழுத்துப் பார்க்கிறார்கள். அமிலச் சூழலில் அந்த இரும்பைக் கரையாமல் காப்பது தனி வேலை.

ஹொக்கைடோ குழு 2016இல் வெளியிட்ட விடை வேறு திசையில் போனது. யூகலிப்டஸ் மரத்தூளைக் காற்றில் 300 டிகிரி அளவில் சூடாக்கினார்கள். கார்பாக்சிலிக் தொகுதிகள் நிறைந்த கரி கிடைத்தது. அதையே வினையூக்கியாக வைத்து, புது யூகலிப்டஸ் தூளோடு சேர்த்து அரைத்து வெந்நீரில் வினைபுரியவிட்டார்கள். குளுக்கோஸும் சைலோஸும் கரைந்து வெளியேறின. அடியில் பழைய வினையூக்கியும் புதிய லிக்னினும் கலந்த எச்சம். அதைப் பிரிக்க முயலவே இல்லை. மொத்தத்தையும் முன்போலவே காற்றில் சூடாக்கினார்கள். லிக்னினும் வினையூக்கியாக மாறியது, பழையதும் புதுப்பிக்கப்பட்டது. எது எஞ்சுகிறதோ அதுவே அடுத்த சுற்றுக்கான கருவி. பிரித்தெடுக்கும் கணக்கைப் போடாமலே தேர்வில் தேறிய வழி இது.

எந்தக் கழிவில் தொடங்கலாம்?

வைக்கோல் எல்லா ஊரிலும் கழிவு இல்லை. தமிழ்நாட்டில் அது மாட்டுக்குத் தீவனம். கட்டுக்கட்டாக விலைக்குப் போகிறது. பஞ்சாபில் எரிக்கிறார்கள் என்றால், நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே இருப்பதும் இயந்திரம் அறுத்த தாளை வாரிச் சேர்க்க ஆளும் பணமும் தேவைப்படுவதும் காரணம். இலேசான, இடத்தை அடைக்கும் சரக்கைப் பல ஊர் வயல்களிலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுவரும் செலவை எந்த வினையூக்கியாலும் குறைக்க முடியாது.

திண்ம வினையூக்கியின் கண்ணால் பார்த்தால் கரும்புச் சக்கை பல வகையில் முந்துகிறது. அது ஏற்கெனவே ஆலை வாசலில் குவிந்திருக்கிறது. சாறு பிழியும்போதே தண்ணீர் தெளித்துத் தெளித்து நசுக்குவதால், கரையும் உப்புகளில் பெரும்பங்கு சாற்றோடு போய்விடுகிறது. பொட்டாசியத் தொல்லை குறைவு. நீராவி பக்கத்திலேயே உண்டு. ஆனால் சக்கையும் சும்மா கிடப்பதில்லை. ஆலைகள் அதைக் கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுக்கின்றன. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சர்க்கரை ஆலைகளிடமிருந்து சக்கையைப் பெற்றுத்தான் 1980களிலிருந்து காகிதம் செய்கிறது.

எனவே சக்கை முழுவதையும் கேட்காமல், ஹெமிசெல்லுலோஸை மட்டும் முதலில் கேட்பது புத்திசாலித்தனம். எரிப்பதில் அதன் வெப்ப மதிப்பு லிக்னினைவிடக் குறைவு. அதிலிருந்து வரும் சைலோஸை ஹைட்ரஜனேற்றினால் சைலிட்டால். பல்லைக் கெடுக்காத இனிப்பாகச் சூயிங்கம்மில் சேர்வது அதுதான். எத்தனாலைவிட நல்ல விலைக்குப் போகும் சரக்கு. சைலோஸை எடுத்த பிறகு மிஞ்சும் செல்லுலோஸும் லிக்னினும் கொதிகலனுக்கே திரும்பலாம்.

கடைசியில் ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. வினையூக்கி கிலோ 500 ரூபாய். ஒரு கிலோ வினையூக்கி, ஒரு சுற்றுக்கு 10 கிலோ சக்கையிலிருந்து 2 கிலோ சைலோஸ் தருகிறது. ஐந்து சுற்றில் அது செத்துவிட்டால் மொத்தம் 10 கிலோ சர்க்கரை. கிலோவுக்கு வினையூக்கிச் செலவு மட்டும் 50 ரூபாய். சக்கை, நீராவி, கூலி எதையும் இன்னும் சேர்க்கவில்லை. அதே வினையூக்கி ஐம்பது சுற்று தாங்கினால் செலவு 5 ரூபாயாக இறங்கும். ஒரு சுற்றில் 2 கிலோவுக்குப் பதில் 2.2 கிலோ எடுத்துவிட்டோம் என்ற முன்னேற்றம் இந்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில் நிற்காது.

வைக்கோலைச் சர்க்கரையாக்கும் புது வினையூக்கி என்று அடுத்த முறை செய்தி வந்தால், தலைப்பில் இருக்கும் விழுக்காட்டைக் கடந்துபோய் மூன்று விவரங்களைத் தேடுங்கள். சோதித்தது கடையில் வாங்கிய தூய செல்லுலோஸா, வயலில் அள்ளிய தாளா? மறுபயன்பாட்டை வினையின் பாதியில் அளந்தார்களா, முடிவிலா? ஒரு கிலோ வினையூக்கி தன் ஆயுளில் எத்தனை கிலோ சர்க்கரை தந்தது? மூன்றுக்கும் விடை எழுதப்பட்டிருந்தால் அந்தச் செய்தி ஆய்வகத்தைத் தாண்டி ஆலைப் பக்கம் நகரத் தொடங்கியிருக்கிறது என்று பொருள்.